விட்டுப்போகும் வீடு

எந்தத் தெருவில் குடியிருப்பது என்பது அவரவர் சொந்த விஷயம் என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வாடகை, வங்கிக் கடன், பிள்ளையின் பள்ளிக்கூடம், வேலைக்குப் போகும் தூரம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் விடை வந்துவிடும், இதில் நியாயம் அநியாயம் பேச என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நான் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் இந்தக் கணக்கு அடிக்கடி நடக்கும். ஹரோவா, இல்ஃபோர்டா, சறே பக்கமா? பழைய வீடா, புதுப் பிளாற்றா? எங்கே குளிர் குறைவு? கோப்பை கழுவுகிறவரிலிருந்து தந்தூரி அடுப்பில் நிற்கிறவர் வரை எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. எனக்கு இது வெறும் கணக்காகப் படவில்லை. இதற்குள் ஓர் அறக் கேள்வி இருக்கிறது. அதை எழுதிப் பார்க்கிறேன்.

எமது முதலாவது இடப்பெயர்வில் எம்மை யாரும் எதுவும் கேட்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர்கள் எந்த ஊரில் காற்று நல்லது, எந்தக் கிணற்றில் தண்ணீர் நல்லது என்று ஆராய்ந்துகொண்டு நடக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்ட பிறகும் அதே நிலைதான். 1999ஆம் ஆண்டின் குடிவரவு, அகதிச் சட்டத்தின் கீழ், தங்குமிடம் இல்லாத விண்ணப்பதாரரை லண்டனுக்கு வெளியே கிளாஸ்கோ, லிவர்பூல், நியூகாசில் போன்ற நகரங்களுக்கு அனுப்பும் முறை 2000ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இடத்தைத் தெரிவுசெய்யும் உரிமை விண்ணப்பதாரருக்கு இல்லை. என்னையும் அப்படித்தான் வடக்கே ஒரு நகரத்துக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு முகவரித் துண்டு தந்தார்கள். அது எப்படிப்பட்ட தெரு என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.

தெரிவு என்பது இரண்டாவது இடமாற்றத்தில்தான் வருகிறது. 1990களின் பிற்பகுதியிலிருந்து, ஜேர்மனி, ஒல்லாந்து, டென்மார்க், பிரான்ஸ் நாடுகளில் குடியுரிமை பெற்ற எம்மவர் பலர் குடும்பத்தோடு லண்டனுக்கும் லெஸ்ரருக்கும் வந்தார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும், கோயிலும் தமிழ்க் கடையும் கிட்ட இருக்கவேண்டும், சொந்தமாக ஒரு தொழில் செய்யவேண்டும் என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். 2020 டிசெம்பர் 31 உடன் அந்தச் சுதந்திரப் போக்குவரத்து முடிந்துவிட்டது. ஆனால் லண்டனுக்குள்ளேயே இடம்மாறுவது நிற்கவில்லை. ஈஸ்ற்ஹாமில் தொடங்கியவர் இல்ஃபோர்டுக்கும், வெம்பிளியில் தொடங்கியவர் ஹரோவுக்கும், ரூற்றிங்கில் தொடங்கியவர் சட்டனுக்கும் போகிறார். கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. துரத்தப்பட்ட மனிதர் முதன்முதலாக எடைபோடும் மனிதராகிறார். அவர் என்ன மனிதர் என்பது அப்போதுதான் தெரியவருகிறது.

அந்தப் பட்டியலில் உள்ள பல கேள்விகள் நியாயமானவை. வீட்டின் வயதைக் கேட்பது அவற்றில் ஒன்று. ஈஸ்ற்ஹாம், வோல்தம்ஸ்ரோ, ரூற்றிங் தெருக்களில் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டப்பட்டவை. ஒன்பது அங்குலம் வரை தடித்த ஒற்றைச் சுவர். நடுவில் காற்று இடைவெளி கிடையாது. ஹரோ, வெம்பிளிப் பக்கம் மெற்றோபொலிற்றன் ரயில்பாதையைத் தொடர்ந்து இரு உலகப் போர்களுக்கும் இடையில் எழுந்த இரட்டை வீடுகள் பலவற்றில் இரண்டு சுவர்கள், நடுவே இடைவெளி. பழைய வீடு கெட்ட வீடு என்பதல்ல. அது நிலக்கரி அடுப்பை நம்பிக் கட்டப்பட்டது. அடுப்பு எரியும்போது புகைபோக்கி வீட்டின் ஈரக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். செங்கற்களை இணைத்த சுண்ணாம்புச் சாந்து உறிஞ்சிய ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விடும். எங்கள் ஊரின் பழைய சுண்ணாம்புச் சுவர்களும் அப்படித்தான் மூச்சுவிட்டன. பின்பு புகைபோக்கியை அடைத்து, சுவருக்குச் சீமெந்து பூசி, யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு, உள்ளே ஆறு பேரை வைத்தால் அந்த வீடு எங்கே மூச்சுவிடும்?

காலநிலையும் அப்படித்தான். லண்டன் என்றால் மழை என்பார்கள். உண்மையில் லண்டனில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீற்றர்; யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு பெய்கிறது. இங்கே அறைக்குள் நிற்கும் ஈரத்தில் பெரும்பகுதி வானத்திலிருந்து வருவதல்ல. சோற்றுப் பானை, குளியல், காயப்போட்ட உடுப்பு, மனித மூச்சு இவற்றிலிருந்து எழும் நீராவி குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. கோடையோ வேறு கதை. 2022 யூலை 19 அன்று லண்டனில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டிற்று. அதே நாளில் நகரின் கிழக்கு எல்லையில் வெனிங்ரன் என்ற சிறிய ஊரில் பல வீடுகள் எரிந்தன. குளிருக்குப் பயந்து வீடு பார்த்த நாங்கள் இனி ஓட்டுக்குக் கீழே உள்ள மேல்மாடி அறையின் வெக்கைக்கும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஆனால் வீடும் காலநிலையும் எல்லோருக்கும் ஒரேமாதிரிப் பங்கிடப்படுவதில்லை. லண்டனில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. நிலக்கரி எரிந்த காலத்தில் நகரத்தின் புகை கிழக்கே போயிற்று. வசதியானவர்கள் மேற்கே இருந்தார்கள். துறைமுகமும் தொழிற்சாலையும் தொழிலாளரும் கிழக்கே இருந்தார்கள். 1952 டிசெம்பர்ப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தபின், 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை அடங்கிற்று, வீட்டு விலை வேறுபாடு அவ்வளவு இலகுவில் அடங்கவில்லை. வந்தேறிகள் மலிவான பக்கத்துக்கே வந்தார்கள். பிறிக் லேனில் ஒரு கட்டடம் இருக்கிறது. 1743இல் பிரான்சிலிருந்து வந்த புரட்டஸ்தாந்து அகதிகளின் தேவாலயமாக அது கட்டப்பட்டது. பிறகு மெதடிஸ்தருடையதாயிற்று, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூதரின் தொழுகைக்கூடமாயிற்று, 1976இல் வங்காளி முஸ்லிம்களின் பள்ளிவாசலாயிற்று. ஒவ்வொரு கூட்டமும் சற்று வசதி வந்ததும் அங்கிருந்து நகர்ந்தது. அடுத்த கூட்டம் அங்கே வந்தது.

இந்த வரிசையில்தான் நாங்களும் நிற்கிறோம். ஆகவேதான் 'நல்ல ஏரியா' என்ற எங்கள் சொல்லை நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். பூங்கா உண்டு, பள்ளிக்கூடம் நல்லது, இரவில் பயமில்லாமல் நடக்கலாம் என்று விளக்கினால் சரி. பல வேளைகளில் விளக்கம் அங்கே நிற்பதில்லை. "அங்கை இப்ப ஒரே கறுவல், சோமாலியன்" என்று தொடர்கிறது. சிலர் "எங்கடை சனம் கூடிப்போச்சு" என்றும் சொல்கிறார்கள். இந்தப் பேச்சை நாங்கள் லண்டனில் பழகவில்லை. ஊரில் காணி வாங்கும்போது மண்ணையும் கிணற்றையும் பார்க்குமுன் எந்தக் குறிச்சி, அக்கம்பக்கத்தில் என்ன ஆட்கள் என்று கேட்ட வாய்தான் இது. குறிச்சி என்ற சொல்லை விட்டுவிட்டு ஏரியா என்ற சொல்லை எடுத்துக்கொண்டோம். கேள்வி மாறவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம், பட்டியலில் இல்லாத ஒரு கேள்வி. குடிபோகும் வீட்டைப் பற்றி ஆயிரம் கேட்கிறோம். விட்டுப்போகும் வீட்டைப் பற்றி ஒன்றுமே கேட்பதில்லை. ஹரோவுக்குப் போகிறவர் ஈஸ்ற்ஹாம் வீட்டை விற்பதில்லை. அறை அறையாக வாடகைக்கு விடுகிறார். முன் விறாந்தையும் ஓர் அறையாகிறது. அங்கே வந்து சேர்பவர் யார்? நேற்று வந்த அகதி, மாணவர் விசாவில் வந்தவர், என்னைப்போல இரவு ஒரு மணிக்கு வேலை முடிந்து பஸ் பிடித்து வருகிறவர். அப்படியான ஓர் அறையில் நான் இருந்திருக்கிறேன். கட்டிலின் தலைமாட்டுச் சுவர் மாரி முழுக்கக் கறுத்திருந்தது. வீட்டுக்காரர் எங்கள் ஆள்தான். "தம்பி, நீங்கள் யன்னலைத் திறக்காமல் சமைக்கிறியள், அதுதான்" என்றார். தான் அதே வீட்டில் இருந்த காலத்தில் அதே சுவரை எத்தனை முறை துடைத்தார் என்பதை அவர் சொல்லவில்லை.

அந்த வாசகத்துக்கு இந்த நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 2020 டிசெம்பரில் றொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. சூடானிலிருந்து வந்த குடும்பம். வீட்டில் பூஞ்சணம் பிடித்திருப்பதாகத் தகப்பன் 2017 தொடக்கம் முறையிட்டிருந்தார். பெயின்ற் பூசச் சொன்னார்கள். நீண்டகாலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவுசெய்தார். குடும்பத்தின் வாழ்க்கைமுறை பற்றித் தாம் அனுமானித்தது தவறு என்று வீட்டு நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. அந்தக் குழந்தையின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2025 ஒக்ரோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டம் தேவைதான். ஆனால் அனுமதிப்பத்திரம் பெற்ற பகிர்வு வீட்டில் ஒரு வயதுவந்தவர் படுக்கும் அறை 6.51 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது என்பதும் சட்டம்தான். எங்கள் அறைகளை யார் அளந்தார்கள்?

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். 2016 பெப்ரவரி முதல் இங்கிலாந்து முழுவதும் வாடகைக்கு விடுபவர் வாடகையாளரின் குடிவரவு உரிமையைச் சோதிக்கவேண்டும். ஏஜென்ற் சம்பளத் துண்டு கேட்பார், உத்தரவாதம் கேட்பார். இவை இல்லாதவருக்கு எங்கள் ஆள்தான் கதவைத் திறக்கிறார். அவருக்கும் மோட்கேஜ் இருக்கிறது, ஊரில் கொடுக்கவேண்டிய கடன் இருக்கிறது. எங்கள் குசினியில் வயதில் மூத்த அண்ணை ஒருவர் இதைத்தான் சொன்னார்: "நாங்கள் பட்டது காணும். இனிமேலாவது எங்கடை பிள்ளையள் நல்ல இடத்திலை இருக்கட்டும்." அவரை மறுத்துப் பேச எனக்கு மனமில்லை. துன்பப்பட்டவருக்கு நல்ல வீட்டில் இருக்க உரிமை உண்டு. ஆனால் தான் பட்ட ஈரத்தை அடுத்தவருக்கு வாடகைக்கு விடும் உரிமையும் அதோடு சேர்ந்து வருகிறதா?

வெற்றாகக் கிடக்கும் வீடு எங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. 1990 ஒக்ரோபர் 30 அன்று, அதாவது எங்கள் பெரிய இடப்பெயர்வுக்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். சோனகத் தெருவில் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. ஓடுகளும் கதவு நிலைகளும் கழன்று வேறு வீடுகளுக்குப் போயின. அவற்றை வாங்கியவர்கள் விலையைக் கேட்டார்கள், மரம் என்ன மரம் என்று கேட்டார்கள். யாருடைய வாசல் என்று கேட்டவர்கள் குறைவு. ஈஸ்ற்ஹாம் அறையும் சோனகத் தெருக் கதவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்று துரத்தல், மற்றது வாடகை. இரண்டிலும் பொருளுக்கு அப்பால் இருக்கும் ஆளைக் கேட்காமல் எடைபோடும் பழக்கம் மட்டும் ஒன்றுதான்.

எனவே என்ன செய்வது? இடம்மாறாமல் இருப்பது விடையல்ல. வசதி வந்தவர் ஈரச் சுவரோடு கிடப்பதால் யாருக்கும் நன்மையில்லை. நான் கேட்பது, பட்டியலில் இன்னொரு வரி சேர்க்கவேண்டும் என்பதுதான்: நான் போனபின் இங்கே யார் படுப்பார்? வாடகைக்கு விடுகிறவர் தன் பிள்ளையை ஒரு மாரிகாலம் அந்த அறையில் படுக்கவைப்பாரா என்று தன்னையே கேட்கட்டும். இல்லை என்றால், காற்றுவாயைத் திறந்து, குசினிக்கு நீராவி இழுக்கும் விசிறி பூட்டி, ஹீற்றரைத் திருத்தி, அதன்பின் வாடகை கேட்கட்டும். வாடகைக்கு இருந்து வெளியேறுகிறவர், எந்தச் சுவர் கசிகிறது, எந்த மாதத்தில் கறுக்கிறது என்பதை அடுத்து வருகிறவருக்குச் சொல்லிவிட்டுப் போகட்டும். இதற்குப் பணம் தேவையில்லை. வீடு வாங்கப் போகிறவர் தெருவைப் பார்க்கட்டும், பள்ளிக்கூடத்தைப் பார்க்கட்டும், மண்ணையும் பார்க்கட்டும். லண்டனின் களிமண் 1976இலும் 2022இலும் வறண்டு சுருங்கிப் பல வீடுகளின் சுவர்களை வெடிக்கவைத்தது. பக்கத்து வீட்டுக்காரரின் நிறத்தை மட்டும் அந்தப் பட்டியலில் இருந்து வெட்டிவிடட்டும்.

முகவரித் துண்டோடு நின்ற காலத்தில் எம்மிடம் அறம் எதிர்பார்க்க யாருக்கும் உரிமை இருக்கவில்லை. எம்மிடம் தெரிவு இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. ஈஸ்ற்ஹாம் அறைக்கு நாளை வரப்போகிறவரிடம் அது இன்னும் இல்லை.