பாதையில் தோண்டிய கிணறு

மார்க்கச் சட்ட நூல்களை ஓதும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு கிணற்றைக் கடந்தே செல்ல வேண்டும். பொதுமக்கள் நடமாடும் பாதையில் உரிமையின்றி ஒருவன் கிணறு தோண்டுகிறான். இருளில் வந்த வழிப்போக்கன் அதில் வீழ்ந்து மடிகிறான். தோண்டியவன் அவனைத் தொடவில்லை. அந்நேரம் தன் வீட்டில் உறங்கிக்கொண்டும் இருந்திருக்கலாம். ஆயினும் அவ்வுயிருக்குரிய ஈட்டுத்தொகைக்குத் தோண்டியவனே பொறுப்பு என்பர் பிக்ஹு அறிஞர்கள். வேறொருவன் பிடித்துத் தள்ளியிருப்பின், பொறுப்பு தள்ளியவனைச் சாரும். காரணமானவனை ‘முதஸப்பிப்’ என்றும், நேரே செய்தவனை ‘முபாஷிர்’ என்றும் அரபியில் வழங்குவர்.

கியூபா நாட்டு இளைஞர் பிராங்க் பாயிஸின் வரலாற்றைப் படித்தபோது இக்கிணறே என் நினைவில் எழுந்தது.

1934 டிசம்பர் 7ஆம் நாள், சாண்டியாகோ நகரில், பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். இசையிலும் கவிதையிலும் நாட்டம் கொண்டவர். 1952 மார்ச் 10ஆம் நாள், பொதுத் தேர்தலுக்கு மூன்று மாதங்களே இருந்த வேளையில், பாட்டிஸ்டா படைபலத்தால் ஆட்சியைக் கைப்பற்றினார், தேர்தல் நின்றுபோயிற்று. பிராங்குக்கு அப்போது வயது 17.

சுண்ணக்கட்டி ஏந்திய கரம் துப்பாக்கி ஏந்தியது. 1956 நவம்பர் 30இல், மெக்சிகோவிலிருந்து படகில் வந்துகொண்டிருந்த பிடல் காஸ்ட்ரோ குழுவினருக்குத் துணையாகச் சாண்டியாகோவில் அவர் கிளர்ச்சி நடத்தினார். படகோ டிசம்பர் 2ஆம் நாள்தான் கரை சேர்ந்தது. அதற்குள் கிளர்ச்சி அடங்கிவிட்டது; தோழர் மூவர் உயிரிழந்தனர். காஸ்ட்ரோ மலையேறிய பின்னரும் பிராங்க் நகரிலேயே தங்கி, மலைக்கு ஆளும் ஆயுதமும் அனுப்பி வந்தார். 1957 ஜூன் 30இல் அவருடைய தம்பி ஹோசுவே கொல்லப்பட்டார். சரியாக ஒரு திங்கள் கழித்து, ஜூலை 30இல், காவல் துறையினர் பிராங்கையும் தெருவில் சுட்டுக் கொன்றனர். அவருக்கு வயது 22. மறுநாள் சாண்டியாகோ நகரமே அவருடைய சடலத்தின் பின்னால் நடந்தது, கடைகள் அடைக்கப்பட்டன.

இவ்விளைஞரின் மரணம் எவருடைய ஏட்டில் எழுதப்படும்?

சுட்டவர்கள் முபாஷிர்கள்; அதில் ஐயமில்லை. ஆனால் மக்கள் தம் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் நேர்வழியைத் தோண்டிப் பாழாக்கியவர் எவரோ, அவர் மறுமையில் தப்ப முடியுமா? அதைக் கண்டும் வாளாவிருந்த பெரியோர்கள்? அநீதி இழைப்பவனின் கரத்தைப் பற்றித் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பெரியோர் அக்கரத்தைப் பற்றாதபோது, பிள்ளைகள் பற்றப் புறப்படுகிறார்கள். அவர்களிடம் பொறுமை குறைவு, ஆயுதமே மிகுதி.

பிராங்கின் ஏடும் வெற்றேடன்று. பாதை அடைபட்டது என்பதனால் எல்லா வழிகளும் ஆகுமானவை ஆகிவிடமாட்டா. கிளர்ச்சியில் மாண்ட காவலனுக்கும் அழுவதற்கு ஒரு தாய் உண்டு. துப்பாக்கி எடுத்தவர் ஒவ்வொரு குண்டுக்கும் கணக்குக் கொடுத்தே தீர வேண்டும். அவருடைய துணிவைப் போற்றுவோர் இதை மறைத்தல் நேர்மையாகாது.

மற்றொன்றும் உண்டு. 1959 ஜனவரி முதல் நாள் பாட்டிஸ்டா நாட்டை விட்டு ஓடினார். ஹொல்குயின் நகர விமான நிலையம் பிராங்கின் பெயர் தாங்கி நிற்கிறது. ஜூலை 30 தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது. ஆயினும் 1952இல் பறிக்கப்பட்ட பலகட்சித் தேர்தல் அந்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. பழைய கிணற்றின் மீது மண்டபம் எழுந்தது, கிணறு தூர்க்கப்படவில்லை. மாண்டவரின் பெயர், வாழ்வோரின் கையில் ஓர் அமானத். அதைக் கல்லில் பொறித்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவது அமானத்தில் மோசம் செய்வதேயாகும்.

நாற்பதாண்டுகளை நெருங்கும் காலமாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். தீரத்துடன் மடிவது எப்படி என்று அவர்களுக்குக் கற்பிக்க நான் விரும்பவில்லை. பாதையில் மண்வெட்டியின் ஓசை கேட்கும்போதே எழுந்து சென்று தடுக்கும் முதியவர்கள் நம்மிடையே இருப்பார்களாயின், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கபன் துணி கிழிக்க வேண்டிய நிலை வராது.