சித்திரகுப்தன் கணக்கும் நமது பதிவேடும்



ஆன்மாவுக்குப் பெயரில்லை, ஊரில்லை என்கிறது நமது சமயம். அப்படியானால் பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து மாறினால் என்ன குறைந்துவிடும்? அரசாங்க எழுதுவினைஞனாகப் பிறப்பு, விவாக, இறப்புப் பதிவேடுகளோடு பல வருடங்கள் பழகியவன் என்ற முறையில் இதுபற்றிச் சில வார்த்தைகள் எழுத விழைகிறேன்.

சித்திரகுப்தனார் கணக்கில் பிழை நேராது. மனிதர் எழுதும் ஏட்டில் நேரும். தோட்டங்களில் பிறப்பையும் இறப்பையும் துரை மூலமே அறிவிப்பது வழக்கம். லயத்தில் தாய் சொன்ன பெயர் வேறு மொழியில் எழுதப்பட்டுப் பதிவேட்டுக்கு வந்து சேரும்போது, மாரியாயி மாரியம்மாவாகி விடுவாள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமோ, அதற்குமுன் இங்கு பிறந்தவரிடம், தந்தை இங்கு பிறந்ததற்கு, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. தேயிலை நட்டவர் கையில் கடதாசி ஏது? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. நாடற்றோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது. ஆன்மாவுக்குப் பெயர் வேண்டாம். அந்த ஆன்மா தங்கியிருக்கும் உடம்பு இம்மண்ணில் வாழப் பெயர் வேண்டியிருக்கிறது.

ஆகவே ஏட்டில் எழுதுபவனுக்கும் ஒரு தர்மம் உண்டு. 1995 முதல் பொதுச் சட்டப்படி விவாகத்துக்கு 18 வயது நிறைய வேண்டும். ஏழைத் தகப்பன் ஒருவர் வந்து, "ஐயா, பிள்ளைக்கு வயதைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்" என்று கெஞ்சினால், இரக்கப்பட்டு எழுதலாமா? இரக்கம் தகப்பனுக்கு, அந்தப் பொய்யை ஆயுள் முழுவதும் சுமப்பது பிள்ளை. எழுதாதிருப்பதே உண்மையான இரக்கம். அதேவேளை, ஒரு நாட் சம்பளத்தை இழந்து பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ வந்த கிழவியை, ஓர் எழுத்துக்காகப் பதுளைக் கச்சேரிக்கு மீண்டும் மீண்டும் அலையவிடுவதும் தர்மமாகாது. இரக்கமில்லாத உண்மை பாதி உண்மையே.

நமக்கும் கடமை உண்டு. 31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் சூட்டுகிறோம். 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதியவேண்டும். பத்திரம் கையில் கிடைத்ததும் ஒவ்வோர் எழுத்தையும் வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். கோயிலில் தாலி கட்டியவர்கள் விவாகத்தையும் பதிந்துகொள்ளுங்கள். கணவன் இறந்தபின் சேமலாப நிதி கேட்டுப் போகும் பெண்ணிடம் அலுவலகம் கேட்பது பத்திரத்தையே.

அம்பாள் எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்துக் காப்பாளாக.