விடும்போது சொல்லிட்டு விடு

"பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே சீட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மகள் பத்துப் பதினைந்து அடி தனியாகப் போனாள். திரும்பிப் பார்த்தாள், விழுந்தாள். முழங்கால் சிராய்ப்புக்கு அவள் அழவில்லை. "பொய் சொல்லிட்டேல்லம்மா?" என்றாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

எல்லோரும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். குற்றமற்ற நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்கிற குறளை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவள் நான். எது நன்மை என்று யார் முடிவு செய்வது? "உன் நல்லதுக்குத்தான்" என்று தொடங்கும் பேச்சுகளைக் கேட்டே வளர்ந்த ஒருத்தி, அதே பேச்சை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் எவ்வளவு சுலபமாக எடுத்துவிட்டேன்!

1992. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்த காலம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. என் அம்மாவும் கற்றுக்கொண்டார். கேரியரைப் பிடித்து ஓடியவள் பன்னிரண்டு வயது நான். ஏறும்முன் அம்மா சொன்னது ஒன்றுதான்: "விடும்போது சொல்லிட்டு விடு. தெரியாம விட்டா அது நான் ஓட்டினதா ஆகாது." சொல்லிவிட்டு விட்டேன். விழுந்தார். நான்காம் நாள் அவரே "இப்ப விடுடி" என்றார்.

அம்மாவுக்குத் தந்த மரியாதையை மகளுக்குத் தரவில்லை. சின்னப்பிள்ளை, பயப்படுவாள் என்று நினைத்தேன். அம்மாவுக்கும் பயம் இருந்ததே.

சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பினால்தான் நிமிரும். பின்னாலிருந்து ஒருவர் நிமிர்த்திக்கொண்டே வந்தால் உடம்பு இதை எப்படிப் பழகும்? அடுத்த ஞாயிறு பெடல்களைக் கழற்றினேன். (இடப்பக்க மரை தலைகீழ் என்பது தெரியாமல் அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன்.) இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்கினேன். காலால் உந்தி உந்தி மைதானத்தைச் சுற்றினாள். பிடிக்கவும் வேண்டாம், பொய்யும் வேண்டாம்.

பெடலை மாட்டிய அன்று, "பிடிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "கூட ஓடி வா. தொடாதே."

ஓடினேன். இரண்டாவது சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியது. "நிக்கிறேன்டி" என்று கத்திச் சொல்லிவிட்டுத்தான் நின்றேன்.