'போதாது' என்று சொல்வது பேராசையா?

அரசாங்கம் ஒருவருடைய நிலத்தை எடுக்கிறது. ரயில் பாதைக்காக இருக்கலாம், விரைவுச்சாலைக்காக இருக்கலாம். பதிலுக்கு இத்தனை வெள்ளி என்று ஒரு தொகையையும் நிர்ணயிக்கிறது. அவரோ "இது போதாது" என்று மேல்முறையீடு செய்கிறார். கேள்விப்படுகிற நமக்கு உடனே என்ன தோணும்? "ஊருக்கே நல்லது நடக்குது, இவருக்கு மட்டும் காசு பத்தலையாமே!"

இந்த எண்ணம் நியாயமா? நான் சிவில் பொறியியல் மாணவி. ஒரு சுரங்கப் பாதையைத் திட்டமிடும்போது மண் எப்படிப்பட்டது, நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது, பக்கத்துக் கட்டடம் எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுவோம். மேலே இருக்கிற இடம் யாருடையது என்பது எங்கள் கணக்கில் வராது, அது வேறொரு அலுவலகத்தின் வேலை. ஆனால் நாளைக்கு என்னைப் போன்றவர்கள் போடுகிற கோட்டால்தானே அவர் வீட்டுக்குக் கடிதம் போகப்போகிறது?

சிங்கப்பூரின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் 1966-ல் இயற்றப்பட்டது. பொதுத் தேவைக்கு இந்த நிலம் வேண்டும் என்று அரசிதழில் அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பே தேவைக்கு முடிவான சான்று. கெட்ட நோக்கத்தோடு எடுத்தார்கள் என்று காட்டினாலொழிய, "எடுக்காதீங்க" என்று வாதாட ஏறக்குறைய வழியில்லை. 1965-க்குப் பிறகு மலேசிய அரசமைப்பின் அடிப்படை உரிமைகளை நாம் எடுத்துக்கொண்டபோது, சொத்துரிமைப் பிரிவைத் தெரிந்தேதான் விட்டுவிட்டார்கள். ஆக, உரிமையாளருக்கு மிஞ்சுவது தொகையைப் பற்றிப் பேசும் உரிமை. கலெக்டர் போட்ட தொகை குறைவு என்று நினைத்தால் 28 நாளுக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். குறைவு என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதுதான். வாரியம் தொகையைக் கூட்டலாம், அப்படியே விடலாம், குறைக்கவும் செய்யலாம். பேராசைக்காரருக்கு இதைவிட சுலபமான வழிகள் நிறைய இருக்கு.

அந்தச் சட்டத்தில் என்னை நிறுத்தி வைத்தது 34-வது பிரிவு. இழப்பீட்டைக் கணக்கிடும்போது எதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று அது சொல்கிறது. அதில் ஒன்று, நிலத்தை விட்டுப் பிரிய உரிமையாளருக்கு மனமில்லை என்பது. இந்த விதி இங்கே பிறந்ததல்ல. இந்தியாவில் ஆங்கிலேயர் 1894-ல் போட்ட சட்டத்திலேயே இருக்கிறது. சந்தை விலை என்றால் என்ன? விற்க வந்தவரும் வாங்க வந்தவரும் மனமொத்துச் சொல்லும் விலை. விற்கவே நினைக்காத ஒருவரை, விற்க வந்தவராகப் பாவித்து விலை போடுகிறோம். அவர் வாரியத்தின் முன் என்ன பேசினாலும் அதைச் சதுர அடியாகவும் வெள்ளியாகவும் மொழிபெயர்த்துத்தான் பேச முடியும். வேறு மொழியில் பேசினால் அங்கே கேட்காது. பிறகு நாமே, "பாரு, பணத்தைப் பத்தி மட்டும்தான் பேசுறார்" என்கிறோம்!

இந்தியச் சட்டத்துக்கு இதில் கொஞ்சம் மனசு உறுத்தியிருக்கும் போல. கட்டாயமாக எடுப்பதற்கென்றே சந்தை விலைக்கு மேல் 15 விழுக்காடு ஆறுதல் தொகை வைத்தார்கள். 1984-ல் அது 30 ஆனது, 2013-ல் வந்த புதிய சட்டத்தில் 100. நம் சட்டத்தில் இடம் மாறும் செலவு போன்றவற்றுக்கு இடம் உண்டு. கட்டாயத்துக்கென்று தனித் தொகை கிடையாது.

அரசாங்கத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும், அது சின்ன நியாயமில்லை. பொதுப் பணத்தில் சாலையும் குழாயும் போட்டதால் ஏறிய விலை, சும்மா இருந்த நிலச்சொந்தக்காரருக்கு ஏன் போக வேண்டும் என்று லீ குவான் யூ அரசு கேட்டது. அதற்காகச் சட்டத்தையும் திருத்தியது: 1973 நவம்பர் 30-ஆம் தேதி விலை, அல்லது அரசிதழில் அறிவித்த நாளின் விலை, இரண்டில் எது குறைவோ அது. அந்தத் தேதியைப் பிறகு 1986, 1992, 1995 என்று நகர்த்தினார்கள். 2007-ல்தான் எடுக்கும் நாளின் சந்தை விலை என்று ஆனது. அதாவது 1985-ல் நிலத்தை இழந்தவருக்குக் கிடைத்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய விலை. அதை வைத்துப் பக்கத்துத் தெருவில் இன்னொரு இடம் வாங்க முடிந்திருக்குமா?

நான் வீவக வீட்டில் வளர்ந்தவள். தேக்காவுக்கு எம்ஆர்டியில்தான் போகிறேன். இவையெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகிற விலையில் கிடைத்ததற்கு, யாரோ குறைவாக வாங்கிக்கொண்டதும் ஒரு காரணம். அதை ஒரு வரி என்று வைத்துக்கொண்டால், வரி எல்லார் தலையிலும் விழும். இது வரைபடத்தில் கோடு விழுந்த இடத்தில் இருந்தவர் தலையில் மட்டும் விழுந்தது.

கோயில்களும் தப்பவில்லை. ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த சிவன் கோயில் 1983-ல் எம்ஆர்டிக்காக இடம்பெயர்ந்தது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் பக்கத்தில் தற்காலிகமாகத் தங்கி, 1993-ல்தான் கேலாங் ஈஸ்டில் குடியேறியது. பத்து வருஷம் சிவபெருமானே வாடகை வீட்டில் இருந்த மாதிரி!

மனுநீதிச் சோழன் கதையில் பசு அடித்த ஆராய்ச்சி மணியும் ஒரு மேல்முறையீடுதான். அமைச்சர்கள் பிராயச்சித்தம் செய்தால் போதும் என்றார்கள். அவர்கள் காட்டிய வழி முறையானதுதான். அரசனுக்கு அது போதவில்லை, பசுவின் துயரத்தைத் தானும் பட வேண்டும் என்று நினைத்தான். ஒரு நகரத்தை இப்படி நடத்த முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கதையில் மணி அடித்த பசுவை யாரும் குறை சொல்லவில்லை.

பார்ட்லியில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே இருந்த ஜின் லோங் சி என்ற சீனக் கோயிலின் நிலத்தை, வட்ட ரயில் பாதைக்காகவும் வட்டார மறுமேம்பாட்டுக்காகவும் 2003-ல் அரசு எடுத்தது. அருகிலேயே இருந்த ஒரு தேவாலயத்தின் நிலத்தையும் நம் இராமகிருஷ்ண மிஷன் நிலத்தையும் எடுக்கவில்லை. பக்தர்கள் சிலர், சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்ற 12-வது பிரிவைக் காட்டி வழக்குத் தொடுத்தார்கள். தொகை அவர்கள் பிரச்சினையே இல்லை. திட்டமிடல் காரணங்களை ஏற்றுக்கொண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-ல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு மே மாதம் பார்ட்லி நிலையம் திறந்தது.

தீர்ப்பு தப்பு என்று சொல்ல எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் மிஷனுக்குப் போகிற நம்மில் பலர் இன்று இறங்குவது அந்த நிலையத்தில்தான். கோடு கொஞ்சம் தள்ளி விழுந்து மிஷன் நிலம் போயிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? கூட்டம் போட்டிருப்போம், வக்கீலைப் பார்த்திருப்போம், அந்த 28 நாளை விரல் விட்டு எண்ணியிருப்போம். பக்கத்துக் கோயில்காரர்கள் யாராவது அப்போது நம்மைப் பார்த்து, "இவங்களுக்குக் காசு பத்தலையாம்" என்று சொல்லியிருந்தால்?