பயன் கருதிய அறிமுகமும் இருபது நிமிடத் தீர்ப்பும்

விளம்பரப் புகைப்படக் கலைஞர்களுக்கும் விளம்பரப் பட இயக்குநர்களுக்கும் தேர்வு எழுதி வேலை வாங்கும் வழி கிடையாது. பட்டத்துக்கும் பணிமூப்புக்கும் அங்கே பெரிய மதிப்பில்லை. எடுத்தவற்றில் சிறந்தவற்றைத் தேர்ந்து அடுக்கிய போர்ட்ஃபோலியோவோ, இயக்கிய விளம்பரங்களைக் கோத்த ஷோரீலோ கையில் இருக்க வேண்டும். அதைப் பார்த்து வேலை தரக்கூடிய நிலையில் உள்ள ஒருவரின் அறிமுகமும் வேண்டும். முன்னதை உழைப்பால் ஈட்டலாம். பின்னதைத் தேடிப் போக வேண்டும். இப்படித் தேடிப் போவது இரண்டு பழைய தத்துவக் கேள்விகளை எழுப்புகிறது. பயனை எதிர்பார்த்து ஒரு மனிதரின் பழக்கத்தை நாடுவது அறத்துக்கு ஒத்ததா? பல ஆண்டு உழைப்பைச் சில நிமிடங்களில் புரட்டிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு எந்த அளவுக்குச் செல்லும்?

இந்தத் தேடலுக்கு இன்று அமைப்பு ரீதியான வடிவங்கள் உள்ளன. தென் பிரான்சின் ஆர்ல் நகரில் 1970இல் லூசியன் கிளெர்க், மிஷெல் தூர்னியே, ழான் மோரிஸ் ரூக்கெத் ஆகியோர் தொடங்கிய புகைப்பட விழா, படம் எடுப்பவரையும் படத்தைத் தேர்பவரையும் ஒரே ஊரில் கூட்டியது. அந்த விழாவைக் கண்டு ஊக்கம் பெற்ற ஃபிரெட் பால்ட்வினும் வெண்டி வாட்ரிஸும், பெட்ரா பென்டெலருடன் சேர்ந்து அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1983இல் ஃபோட்டோஃபெஸ்ட் அமைப்பை நிறுவினார்கள். அதன் முதல் விழா 1986இல் நடந்தது. அங்கு நடக்கும் ‘மீட்டிங் பிளேஸ்’ சந்திப்பில் படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பார்வையாளர் மேசைக்கு ஒருவராக அமர்ந்திருப்பார்; கலைஞர் தம் படங்களை எடுத்துவந்து எதிரே உட்காருவார். ஒரு சந்திப்புக்கு 20 நிமிடம். நேரம் முடிந்ததும் அடுத்தவர் வருவார். கலைப் படங்களுக்கென வளர்ந்த இந்த முறை விளம்பரத் துறைக்கும் வந்தது. நியூயார்க்கின் ஃபோட்டோவொர்க்ஸ் போன்ற சந்திப்புகளில் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் விளம்பர நிறுவனங்களில் படம் வாங்கும் பொறுப்பில் உள்ளவர்கள், பத்திரிகைகளின் பட ஆசிரியர்கள், கலைஞர்களுக்காகப் பேரம் பேசும் பிரதிநிதிகள். உள்ளே நுழையக் கலைஞர் கட்டணம் கட்டுகிறார்.

இயக்குநர்களின் வழி சற்று வேறு. அமெரிக்க விளம்பரத் துறையில் ஒரு படத்துக்குப் பொதுவாக மூன்று இயக்குநர்களை அழைத்து விலை கேட்பது வழக்கம். ஒவ்வொருவரும் அந்தக் கதையைத் தாம் எப்படி எடுப்போம் என்று ‘டிரீட்மென்ட்’ எழுதித் தர வேண்டும். பெரும்பாலும் அதற்கு ஊதியம் கிடையாது. அந்த மூவரில் ஒருவராக அழைக்கப்படுவதற்கே ஏஜென்சிக்காரர்கள் தம்மை அறிந்திருக்க வேண்டும். ஆக, அங்கும் திறமைக்கு முன்னால் அறிமுகம் நிற்கிறது.

பயன் கருதிய பழக்கத்தைப் பற்றிய மிகக் கூர்மையான ஆராய்ச்சி அரிஸ்டாட்டிலின் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் எட்டாம் பகுதியில் இருக்கிறது. பயனுக்காகக் கொள்ளும் நட்பு, இன்பத்துக்காகக் கொள்ளும் நட்பு, குணத்துக்காகக் கொள்ளும் நட்பு என்று அவர் மூன்றாகப் பிரிப்பதைப் பலரும் அறிவர். முதல் வகை உயர்ந்ததன்று, பயன் தீர்ந்தால் அதுவும் தீரும் என்கிறார். ஆனால் அதைக் குற்றம் என்று அவர் தள்ளிவிடவில்லை. இந்தப் பேச்சுக்கு மிகவும் பொருந்துவது அதே பகுதியில் பின்னால் வரும் ஒரு நுட்பம். பயன் நட்பையே அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று நிபந்தனைகளை முன்கூட்டியே பேசிக்கொள்வது. மற்றது நண்பருக்குத் தருவதுபோலத் தந்துவிட்டு, கொடுத்ததற்கு ஈடாகவோ கூடுதலாகவோ திரும்பி வரும் என்று மனத்துக்குள் எதிர்பார்ப்பது. மனத்தாங்கல்களும் சண்டைகளும் கிளம்பும் இடம் இந்த இரண்டாவது வகை என்பது அவர் கண்டது.

விமர்சன மேசையும் துறைக்காரர்கள் கூடும் மாலை விருந்தும் இந்தப் பிரிவில் வெவ்வேறு பக்கம் விழுகின்றன. மேசையில் எல்லாம் வெளிப்படை. கலைஞர் வேலை தேடி வந்திருக்கிறார் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியும். எதிரில் இருப்பவர் ஆள் தேடுகிறார் என்பது கலைஞருக்குத் தெரியும். நேரமும் கட்டணமும் அச்சிட்டபடி. யாரும் யாருக்கும் நட்பைக் காட்டி நம்பவைக்கவில்லை. விருந்திலோ கையில் கோப்பையோடு பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டு, மறுவாரம் ஷோரீலை அனுப்பும் வழக்கம் உண்டு. அனுப்பியவர் தம் அன்பான விசாரிப்பைக் கடனாகக் கணக்கில் வைக்கிறார். பெற்றவர் அதை அன்பாகவே எடுத்துக்கொண்டார். பதில் வராதபோது ஒருவர் நன்றி கெட்டவராகவும் மற்றவர் சந்தர்ப்பவாதியாகவும் தோன்றுகிறார்கள். அதனால், பலருக்கும் வணிகமயமாகத் தெரிந்து முகம் சுளிக்கவைக்கும் அந்த 20 நிமிட மேசைதான் அற நோக்கில் தூய்மையான ஏற்பாடு.

திருக்குறளின் தீ நட்பு அதிகாரம் இதைவிடக் கடுமையாகப் பேசுகிறது. கிடைக்கும் ஆதாயத்தை எடைபோட்டுப் பழகுபவரை அது கள்வரோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் தொழில்முறை அறிமுகம் முழுவதையும் அது கண்டிப்பதாகத் தோன்றலாம். ஆனால் அங்கே கண்டனத்துக்கு உள்ளாவது நட்பின் உடையில் வரும் கணக்கு. வேலைக்கு ஆள் தேர்வதை வள்ளுவர் வேறு அதிகாரங்களில் தனியாகப் பேசுகிறார். தெரிந்துவினையாடல் அதிகாரம் இந்த வேலையை இந்த வழியால் இவர் முடிப்பார் என்று ஆராய்ந்து ஒப்படைக்கச் சொல்கிறது. அதற்கு முந்தைய தெரிந்துதெளிதல், அன்பை மட்டும் பற்றுக்கோடாகக் கொண்டு அறியாதவரைத் தேர்வது எல்லா மடமையையும் தரும் என்று எச்சரிக்கிறது. நட்பும் வேலையும் தனித்தனி இயல்களில் நிற்பதே ஒரு பாடம்.

கான்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது என்ற விதி வருகிறது. இந்த விதியைச் சொல்லும்போது ‘மட்டும்’ என்ற சொல்லைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பேருந்து நடத்துநரிடம் டிக்கெட் வாங்குபவரும் அவரை ஒரு நோக்கத்துக்குப் பயன்படுத்துகிறார், அதில் தவறில்லை. எதிரில் இருப்பவருக்கும் ஒரு வேலைநாள், களைப்பு, மறுக்கும் உரிமை உண்டு என்பதை மறந்தால்தான் விதி மீறப்படுகிறது. இந்த விதியை மீறுபவர் வேலை தேடி வருபவர் மட்டுமல்ல. அனுப்பிய டிரீட்மென்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், விலையை ஒப்பிட்டுக் காட்டுவதற்காகவே மூன்றாவது இயக்குநரை அழைக்கும் நிறுவனமும் மீறுகிறது. முடிவு முன்பே ஆகிவிட்டது என்பதை மறைத்து ஒருவரின் இரவுகளை வாங்குவது, எத்தனை மரியாதையான மின்னஞ்சலில் நடந்தாலும், ஏமாற்று.

இனித் தீர்ப்பின் கேள்வி. மேசையில் வழக்கமாகக் கலந்துபோகும் இரண்டு தீர்ப்புகள் உண்டு: ‘இது நன்றாக இருக்கிறது’ என்பது ஒன்று, ‘இது எனக்கு வேண்டும்’ என்பது மற்றொன்று. இவற்றைப் பிரித்துப் பார்க்கக் கான்டின் 1790ஆம் ஆண்டு நூல் உதவுகிறது. எந்த நோக்கத்தையும் சாராமல் அழகாகத் தோன்றும் பூவின் அழகு ஒரு வகை. தேவாலயம், குதிரை போன்றவற்றின் அழகு இன்னொரு வகை. அந்தப் பொருள் எதற்காக இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணத்தைச் சார்ந்தே அங்கே அழகு தீர்மானிக்கப்படுகிறது. விளம்பரப் படம் பிறக்கும்போதே இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கைக்கடிகாரத்தின் படத்தில் கடிகாரம் தெரிய வேண்டும், அதன் உலோகம் உலோகமாகத் தெரிய வேண்டும், பக்கத்தில் எழுத்துக்கு இடம் விட்டிருக்க வேண்டும். இந்த நோக்கங்களை வைத்து அதை அளப்பது கலைக்கு இழைக்கும் அவமதிப்பாகாது. ஆனால் ஒரு கடிகார நிறுவனத்துக்குப் பொருந்தாத படம் வேறொரு நோக்கத்துக்கு மிகச் சரியாக இருக்கலாம். மேசையில் சொல்லப்படும் மறுப்புகளில் பெரும்பகுதி பொருத்தத்தைப் பற்றியது. அதைத் தரத்தைப் பற்றிய மறுப்பாக எடுத்துக்கொண்டு மனம் உடைந்து வீடு திரும்பும் இளைஞர்களுக்கு இந்த வேறுபாட்டை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

தரத்தைப் பற்றிய தீர்ப்புக்கு யார் தகுதியானவர் என்பதை டேவிட் ஹியூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில் ஆராய்ந்தார். நுண்ணிய உணர்வு, தொடர்ந்த பயிற்சி, பலவற்றை ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம், முன்முடிவு இல்லாத மனம், நல்லறிவு ஆகியவை சேர்ந்தவரே உண்மையான விமர்சகர் என்றார். அதற்கு அவர் எடுத்துக்காட்டியது ‘டான் கிஹோட்டே’ நாவலில் வரும் ஒரு கதை. ஒரு பீப்பாய் திராட்சை மதுவைச் சுவைத்த இருவரில் ஒருவர் தோலின் வாடை அடிக்கிறது என்றார். மற்றவர் இரும்பு வாடை என்றார். சுற்றி இருந்தவர்கள் இருவரையும் கேலி செய்தார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வாரில் கட்டிய பழைய சாவி ஒன்று கிடந்தது. முரண்படுவதாகத் தோன்றிய இரண்டு தீர்ப்புகளும் உண்மை. இரண்டும் ஒரே பொருளின் இரண்டு பகுதிகளைத் தொட்டன. ஒரு நாளில் பல மேசைகளில் அமரும் கலைஞர் கேட்கும் முரணான கருத்துகளை இப்படிப் படிக்க முடியும். ஒருவர் வெளிச்சம் கடினமாக இருக்கிறது என்பார். இன்னொருவர் முகங்கள் இறுகியிருக்கின்றன என்பார். இருவரும் ஒரே குறையைச் சுட்டலாம். கதையில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது: பீப்பாய் காலியாகும்வரை நிரூபணம் கிடைக்கவில்லை. 20 நிமிடத்தில் யாரும் பீப்பாயைக் காலி செய்துவிட முடியாது.

காஷ்மீரத்து அபிநவகுப்தர் வரைந்த ‘சஹ்ருதயர்’ என்ற ரசிகர் வேறு திசையிலிருந்து அதே இடத்துக்கு வருகிறார். காவியங்களில் தொடர்ந்து பழகியதால் மனம் கண்ணாடிபோலத் துலங்கி, எதிரில் உள்ளதோடு ஒன்றிப்போகும் ஆற்றல் பெற்றவர் அவர். ஹியூமின் விமர்சகர் விலகி நின்று எடைபோடுகிறார். சஹ்ருதயர் உள்ளே புகுந்து உணர்கிறார். நல்ல மேசையில் இரண்டும் தேவைப்படுகின்றன, முதலில் உணர்வதும் பிறகு எடைபோடுவதுமாக. நேரம் குறைவு என்பதால் முதலாவது விடுபடுவதுதான் நடைமுறையில் காணும் குறை.

இதற்கெல்லாம் மேலாக, போர்ட்ஃபோலியோ காட்டாத ஒன்றை நேர்ப்பழக்கம் காட்டும். இர்விங் பென் 1943இல் ‘வோக்’ பத்திரிகையில் சேர்ந்தபோது புகைப்படக்காரர் என்ற பெயர் அவருக்கு இல்லை. அலெக்ஸி ப்ரோடோவிச்சிடம் பயின்ற வடிவமைப்பாளர் அவர். அட்டைப்பட யோசனைகள் தருவதற்காகக் கலை இயக்குநர் அலெக்சாண்டர் லிபர்மன் அவரைத் தம் உதவியாளராக எடுத்துக்கொண்டார். அந்த யோசனைகளைப் பத்திரிகையின் புகைப்படக்காரர்கள் ஆர்வமாக ஏற்கவில்லை. நீங்களே எடுங்கள் என்றார் லிபர்மன். கைப்பை, கையுறை, எலுமிச்சைகளை அடுக்கி அவர் எடுத்த படம் அந்த ஆண்டு அக்டோபர் இதழின் அட்டையானது. எந்தப் படக்கட்டைப் புரட்டியிருந்தாலும் லிபர்மனுக்குப் பென்னின் இந்தத் திறன் தெரிந்திருக்காது. கூட இருந்து வேலை செய்ததால் தெரிந்தது. போர்ட்ஃபோலியோ ஒருவர் செய்து முடித்ததைச் சொல்கிறது. அவர் இனி எதைச் செய்யக்கூடும், நாற்பது பேர் காத்திருக்கும் படப்பிடிப்பில் மழை வந்தால் எப்படி நடந்துகொள்வார் என்பதைப் பழகித்தான் அறிய முடியும். அந்த வகையில் அறிமுகம் சலுகையாக மட்டும் இல்லாமல் சான்றாகவும் இருக்கிறது.

அநீதி நுழைவதும் இதே வாசல் வழியாகத்தான். ‘இவர் நமக்கு ஒத்துவருவார்’ என்ற உணர்வு, நம்மைப் போலவே பேசுபவரிடமும் நம் பள்ளியில் படித்தவரிடமும் எளிதாக வந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவரைத்தான் அழைத்தார்கள், யாரும் யாரையும் விலக்கவில்லை. ஆனாலும் பட்டியலில் எப்போதும் ஒரே வகை ஆட்கள். விளம்பரப் பட இயக்கத்தில் பெண்களுக்கு நேர்ந்தது இதுதான். இயக்குநர் அல்மா ஹாரெல் 2016இல் ‘ஃப்ரீ தி பிட்’ என்ற முயற்சியைத் தொடங்கினார். ஒவ்வொரு படத்துக்கும் அழைக்கும் மூவரில் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. வேலையைப் பெண்ணுக்கே தர வேண்டும் என்று அது கேட்கவில்லை, அழைப்பைக் கேட்டது. தேர்வில் ஓரவஞ்சனை இல்லை என்று ஒரு நிறுவனம் மனசாட்சியோடு சொல்லலாம். ஆனால் தேர்வுக்கு முன்பே நடந்துமுடிந்த அறிமுகத்தில் ஓரவஞ்சனை இருந்திருந்தால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை. இந்த உண்மையைத் தத்துவ நூல்களைவிடத் தெளிவாக அந்த முயற்சி காட்டியது.

கட்டண மேசையிலும் இதே வினா நிற்கிறது. நேர்மை அங்கே கூடுதல். நுழைவோ பணம் உள்ளவருக்கே. கட்டணத்தோடு பயணச் செலவும் தங்கும் செலவும் சேரும்போது, சிறிய ஊரில் கடன் வாங்கிய கேமராவோடு வேலை கற்றவர் அந்த அறைக்குள் வரமாட்டார். அவருடைய படத்தைப் பார்க்காததால் அவருக்கு நேரும் இழப்பு தெரிந்ததே. மேசையில் இருப்பவரும் இழக்கிறார், ஒப்பிட்டுப் பார்க்கும் அனுபவமே விமர்சகரை ஆக்குகிறது என்று ஹியூம் சொன்னது சரியென்றால். கட்டணம் வாங்கும் ஒவ்வொரு ஏற்பாடும் கட்டணமில்லா இடங்களை ஒதுக்க வேண்டும். அந்த இடங்களுக்கு ஆள் தேர்வதைச் சிபாரிசுக்கு விடாமல், பெயர் மறைத்த படங்களைக் கொண்டு செய்ய வேண்டும். பார்வையாளராக அழைக்கப்படுபவர்கள் ஏற்றுக்கொள்வதற்கு முன் இதை நிபந்தனையாகக் கேட்கலாம். அப்படிக் கேட்கும் வலிமை அந்த அறையில் அவர்களுக்குத்தான் இருக்கிறது.