எங்கே எரிகிறது?

திருவதிகை வீரட்டானேசுவரரைத் தரிசித்துவிட்டுப் பண்ருட்டிச் சாலையில் நடந்துகொண்டிருந்த ஒரு பிற்பகல், உறவினர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் பற்றி உடன்வந்த நண்பரிடம், ‘மனமெல்லாம் ஒரே எரிச்சலாயிருக்கிறது’ என்று நான் சொன்னபோது, குடிசை நிழலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி, அந்த ஒரு வார்த்தை மாத்திரம் காதில் விழுந்தவராய் நிமிர்ந்து, “எங்க சாமி எரியுது? கொஞ்சம் எண்ணெ தடவிக்கோ” என்றார். அவருடைய விரல்கள் ஓட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்து, நுனியில் தோலுரிந்து, சாம்பல் படிந்திருந்தன. எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

ஆங்கிலத்தில் எரிச்சல் என்னும் இவ்வுணர்ச்சிக்கு வார்த்தைகள் அநேகம். ‘இரிட்டேட்’ தோலுக்கும் மனத்துக்கும் பொது. ‘அக்ரவேட்’ என்பதோ, பாரமாக்குதல் என்னும் லத்தீன் அடியிலிருந்து வந்தது. முன்னமே உள்ள நோயை முற்றச்செய்வதே அதன் நேர்ப்பொருள், ஒருவனுக்குச் சினமூட்டுவதை அச்சொல்லால் குறிப்பது பிழை என்று அந்நாட்டு இலக்கணக்காரர் நெடுங்காலம் வாதாடியும் ஜனங்கள் கேட்கவில்லை. நம்முடைய குடைச்சலும் கடுப்பும் உறுத்தலும் அவ்வாறே காலிலும் வயிற்றிலும் கண்ணிலும் பிறந்து மனத்தில் குடியேறியவைதாம். அதில் குற்றமில்லை. ஆனால் தேகத்தில் எரிந்தால் எரியும் இடத்தைத் தொட்டுக் காட்டுகிற நாம், மனத்தில் எரிந்தால் எதிரே நிற்பவனைக் காட்டுகிறோம்.

பாடலிபுத்திரத்துச் சமண மடத்தில், அதாவது இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனராய் வீற்றிருந்த நாவுக்கரசரைச் சூலைநோய் பற்றியது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. மந்திரமும் மருந்தும் பலியாமல், அதிகையில் திருத்தொண்டு செய்துவந்த தமக்கையார் திலகவதியாரிடம் இரவோடு இரவாக வந்து, அவர் அளித்த திருநீற்றைப் பூசிக்கொண்டு பாடிய முதற்பதிகத்தில், நோய் தீர்க்க இயலாதவர்மீது அவர் ஒரு வசைச்சொல்லும் சொல்லவில்லை. வயிற்றுள்ளே குடலை முறுக்கும் வேதனையை உள்ளபடி உரைத்துத் தாம் அறியாது செய்த பிழையையே நினைக்கிறார். மூதாட்டி என்னிடம் கேட்ட கேள்விக்கு ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வூரில் விடை சொல்லப்பட்டிருக்கிறது.

அன்றிரவு அக்கடிதத்தை மறுபடி படித்தேன். உறவினர் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. எரிந்தது என் அகங்காரம். அதற்கு மருந்து என் கையிலேயே இருந்தது. அந்த அம்மாளின் விரல்களுக்கோ சாம்பலும் எண்ணெயும் போதா. முந்திரி வியாபாரம் செய்யும் கனவான்களே, கொட்டை உடைக்கிறவர்களுக்கு நல்ல கையுறை வாங்கிக் கொடுங்கள்.