கையளவு மின்சாரம்

சுவரில் இருக்கும் பிளக்கில் செல்போனைச் செருகும் மனிதன் தர்மத்தைப் பற்றி எதற்காகச் சிந்திக்க வேண்டும்? அவன் செய்வது ஒரு காரியம் என்றுகூடச் சொல்ல முடியாது. கை தானாகச் செய்துவிடும் பழக்கம் அது. ஆனால் அதே செல்போனை அதே மனிதன் ஒரு பாட்டரியிலிருந்து சார்ஜ் செய்ய வேண்டி வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. எவ்வளவு இருக்கிறது, எதற்கு முதலில், யாருக்கு முதலில் என்று மூன்று கேள்விகள் எதிரே வந்து நிற்கின்றன. முதல் இரண்டும் வெறும் கணக்கு. மூன்றாவது கேள்வி எழுந்த மாத்திரத்தில் அது அறத்தைப் பற்றிய விஷயமாகி விடுகிறது.

இப்படி ஓர் எண்ணம் எனக்கு ஏற்பட்டதற்குப் பழவேற்காட்டு மீனவர்கள்தாம் காரணம். சென்னைக்கு வடக்கே, எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவில், ஒரு பக்கம் வங்கக் கடலும் மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாயுமாக நீண்டு கிடக்கும் மணல் திட்டு காட்டுப்பள்ளி. அந்தத் திட்டிலும் அதற்கு வடக்கே ஏரியை ஒட்டியும் மீனவர் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு பெரியவர், இரவு கடலுக்குப் போவதற்காகத் தம் ஃபைபர் படகில் பாட்டரியை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கார்களில் இருப்பது போன்ற 12 வோல்ட் பாட்டரிதான். கரைக்குத் திரும்பியதும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்த்தான் மறுபடி சார்ஜ் போட வேண்டும். அந்தப் பாட்டரியை நம்பி என்னென்ன இருக்கின்றன என்று விசாரித்தேன்.

"மொதல்ல வெளக்கு, ஐயா. பெரிய கப்பலுங்க போற வழி இது. வெளக்கு இல்லேன்னா நம்ம மேலயே ஏறிப் போயிடும். அப்புறம் திசை காட்டுற ஜி.பி.எஸ். கடைசியிலதான் போனு" என்றார்.

"படகில் எத்தனை பேர்?"

"நாலு பேரு. நாலு போனு. நாலையும் ஏத்தினா நாலும் அரைகொறையா நிக்கும். அதனால ஒண்ணை மட்டும் முழுசா வெச்சுக்குவோம். மிச்சம் மூணையும் அணைச்சுப் போட்டுடுவோம்."

"யாருடைய போனை வைத்துக்கொள்வீர்கள்?"

இந்தக் கேள்வி அவருக்கு விநோதமாகப் பட்டிருக்க வேண்டும். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எவன் வூட்ல ஒடம்பு முடியாதவங்க இருக்காங்களோ, அவன் போனுதான்."

"அப்படி யாரும் இல்லையென்றால்?"

"அப்ப எது நல்லா சிக்னல் எடுக்குதோ அது" என்று சிரித்தார்.

நீதி நூல்கள் பல பக்கங்களில் விவரிக்கும் ஒரு முடிவை அவர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொல்லிவிட்டார். தேவை அதிகம் உள்ளவனுக்கு முதலில். தேவை சமமாக இருந்தால் எல்லாருக்கும் எது அதிகம் பயன்படுமோ அது. படகின் சொந்தக்காரர் அவர். பாட்டரிக்குப் பணம் கொடுத்தவரும் அவரே. ஆயினும் 'என் பாட்டரி, என் போன்' என்ற வாதம் அவர் மனத்தில் தலைகாட்டவே இல்லை.

இதைக் கேட்டுவிட்டு, 'ஆகா, ஏழைகளின் பண்பே பண்பு!' என்று மெய்சிலிர்ப்பது சுலபம். அந்தப் புகழ்ச்சியில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. அவர்கள் பிறவியிலேயே நம்மைவிட நல்லவர்கள் என்று சொல்லிவிட்டால், அவர்களைப் போல் நடக்க வேண்டிய பொறுப்பிலிருந்து நாம் தப்பித்துக்கொள்கிறோம் அல்லவா? அவர்களுக்குத் தெரிவதும் நமக்குத் தெரியாததும் ஒன்று உண்டு. அது அளவு.

ஈயமும் அமிலமும் கொண்ட இந்தப் பாட்டரியை 1859-இல் கண்டுபிடித்தவர் காஸ்டன் பிளான்தே என்ற பிரெஞ்சுக்காரர். அதன் கணக்கு ஒன்றும் கடினமானதன்று. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று மேலே எழுதியிருந்தால், இரண்டையும் பெருக்கி 1200 வாட்-மணி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவ்வளவையும் எடுத்துவிடக் கூடாது. அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகிப் படிந்து, பாட்டரியின் ஆயுள் குறைந்துவிடும். ஆகவே கையில் இருப்பது 600 தான். இந்தக் காலத்துச் செல்போன் ஒன்றை வெறுமையிலிருந்து நிரப்ப, வழியில் சூடாகி வீணாவதையும் சேர்த்து, ஏறக்குறைய 25 வாட்-மணி பிடிக்கும். அப்படியானால் 24 செல்போன்களுக்கு அது போதும். நம் படுக்கையறையில் 1500 வாட் இழுத்துக்கொண்டு ஓடும் ஏர்கண்டிஷனர் அதே 600-ஐ எவ்வளவு நேரத்தில் குடித்து முடிக்கும்? 24 நிமிஷம்!

24 பேர் தங்கள் வீட்டாருக்கு 'சுகமாக இருக்கிறோம்' என்று சொல்வதற்கான சக்தியும், ஒருவர் 24 நிமிஷம் குளிர்ச்சியாகத் தூங்குவதற்கான சக்தியும் ஒன்றே. குளிர்ச்சியாகத் தூங்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. சுவரில் பிளக் இருக்கும் வரையில் இந்த இரண்டும் ஒரே தராசில் ஏறுவதே இல்லை என்றுதான் சொல்கிறேன்.

மேல்நாடுகளில் இந்தத் தராசைத் தாமாக விரும்பி ஏற்றுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் காரின் பின்னால் ஒரு சிறிய வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். டிராவல் டிரெய்லர் என்று அதற்குப் பெயர். காட்டிலோ மலையடிவாரத்திலோ வண்டியை நிறுத்திவிட்டால், உள்ளே விளக்கு முதல் செல்போன் வரை எல்லாமே பாட்டரியின் தயவுதான். அவர்கள் கணக்கில் வெகு கெட்டிக்காரர்கள். பாட்டரியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டர் வைத்து வீட்டு மின்சாரமாக உயர்த்தி, பிறகு சார்ஜர் வைத்து மறுபடி 5 வோல்ட்டுக்கு இறக்கினால், ஏற்றும்போதும் இறக்கும்போதும் நஷ்டம். அடுத்த வீட்டுக்குப் போக மலையேறி இறங்குவது போன்ற காரியம் அது. ஆகையால் 12 வோல்ட்டிலிருந்து நேரே செல்போனுக்குக் கொடுக்கும் சிறு கருவியையே அவர்கள் பயன்படுத்துகிறார்கள். தேவையில்லாத விளக்கை அணைக்கிறார்கள். அப்படி வாழ்வதில் ஒரு பெருமையும் அடைகிறார்கள். நியாயமான பெருமைதான். ஆனால் அந்த வாழ்க்கை அலுத்துப்போனால், பணம் கட்டினால் மின் இணைப்புத் தரும் முகாம் ஒன்றில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். கதவு திறந்தே இருக்கும் விரதம் அது.

காட்டுப்பள்ளியைச் சுற்றியுள்ள மீனவர்களின் கதை வேறு. அவர்கள் படகில் நின்று மேற்கும் தெற்கும் பார்த்தால் புகைபோக்கிகள் தெரியும். அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம். அதன் முதல் இரண்டு கட்டங்களின் திறன் மட்டுமே 1830 மெகாவாட். பக்கத்தில் வல்லூர் அனல் மின் நிலையம், 1500 மெகாவாட். காட்டுப்பள்ளியிலேயே, கடல் நீரை நாள்தோறும் பத்துக் கோடி லிட்டர் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் திறனோடு 2010-இல் தொடங்கப்பட்ட நிலையம் ஒன்று இருக்கிறது. துறைமுகம் ஒன்றும் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஆயிரக்கணக்கான மெகாவாட் பிறக்க, அதன் நடுவே ஒரு செல்போனுக்காக மூன்று செல்போன்களை அணைத்து வைக்கிறது ஒரு படகு.

கடலில் மின் கம்பி இழுக்க முடியாது. அது யாருடைய குற்றமும் அன்று. ஆனால் அந்த மின்சாரத்துக்காக எரிந்த நிலக்கரியின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் வந்து படிந்திருக்கிறதே, அதைப் பற்றி என்ன சொல்வது? ஆழம் குறைந்த கழிமுகத்தில் இறாலும் நண்டும் குறைந்துபோனதாக மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்திருக்கிறார்கள்.

இதை நான் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் கோபித்துக்கொண்டார். "நான் உபயோகிக்கும் மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கொரு முறை பணம் கட்டுகிறேன். கடன் தீர்ந்துவிட்டது. இதில் தர்மம் எங்கிருந்து வந்தது?" என்றார். அவர் நேர்மையான மனிதர், கேள்வியும் நேர்மையானது. பணத்தால் தீரும் கடனும் உண்டு, தீராத கடனும் உண்டு. நாம் கட்டும் பணம் மின்சார வாரியத்துக்குப் போகிறது. கழிமுகத்தில் வலை வீசி வெறும் வலையை இழுக்கிறவனுக்கு அதிலிருந்து ஒரு காசும் போவதில்லை. பில்லில் அவனுக்கென்று ஒரு வரியும் இல்லை. அவனும் சேர்ந்துதான் நம் மின்சாரத்துக்கு விலை கொடுக்கிறான். இதை அறியாமல் இருக்கும் வரையில் நண்பர் குற்றமற்றவர். அறிந்த பிறகும் 'கடன் தீர்ந்துவிட்டது' என்று சொல்ல முடியுமா?

நகரத்து மனிதர்களுக்கு அளவு தெரியவே தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மழையில் மூழ்கடித்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. இன்வெர்ட்டர் வைத்திருந்த ஒரு வீட்டுக்காரர், ஒயரை இழுத்து வாசல் திண்ணையில் ஒரு பலகையைப் பொருத்தி வைத்தார். அண்டை வீட்டார் எல்லாரும் வந்தார்கள். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் செய்யவில்லை. ஆனால் அரை மணி நேரத்துக்குள் ஒரு விதி பிறந்துவிட்டது. ஆளுக்குப் பாதி வரைதான். பாதி ஏறியதும் எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். மகள் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்த ஓர் அம்மாளுக்கு மட்டும் முழுசாக. அதை ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. "உங்களுக்கு ஆகட்டும், அம்மா, நாங்கள் அப்புறம் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். பழவேற்காட்டுப் பெரியவரின் தீர்ப்பு, அவரை அறியாத ஒரு தெருவில், வார்த்தை மாறாமல் திரும்ப வழங்கப்பட்டது!

இரண்டு நாள் கழித்து மின்சாரம் வந்தது. தெருவே கைதட்டியது. மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒன்றுவிடாமல் எல்லா வாசல்களிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த விதி எங்கே போயிற்று? நல்ல குணம் இரண்டு நாளில் செத்துப்போகுமா? நான் அப்படி நினைக்கவில்லை. பாட்டரி என்ற அளவுகோல் கண்ணெதிரே இருந்தபோது, 'நான் எடுத்தால் அடுத்தவருக்குக் குறையும்' என்பது தெரிந்தது. மின்சாரம் வந்ததும் அந்த அடுத்தவர் மறைந்துவிட்டார். அவர் இல்லாமல் போகவில்லை, தூரமாகப் போய்விட்டார். தெருவில் இருந்தவர் கழிமுகத்துக்குப் போய்விட்டார்.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. இறால் நன்றாகப் படும் இடங்கள் சிலவே. வலை போடுகிறவர்களோ பலர். ஆகையால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இன்னாருக்கு இந்த இடம் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை ஒதுங்கிக்கொள்வார். அதிலும் குறை இருக்கிறது. முறைக்குள் இடம் பெறாத மீனவர்களும் அதே ஏரிக்கரையில் வாழ்கிறார்கள். பங்கு என்று வந்தால் யார் பங்காளி என்ற வழக்கும் கூடவே வரும். ஆயினும் அந்த முறையின் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. ஏரி பெரிதாகத்தான் தெரியும். நல்ல இடம் அளவுள்ளது. இதை ஒப்புக்கொண்டவர்கள்தாம் முறை வைத்துக்கொள்ள முடியும்.

வள்ளுவர் 'வலியறிதல்' என்ற அதிகாரத்தில் அரசனுடைய பலத்தைப் பேச வந்தவர், அங்கேயே வரவின் அளவறிந்து வாழ்வதையும் சேர்த்துவிட்டார். அளவறிவதைப் பலத்தின் ஒரு பகுதியாகவே அவர் கருதினார் போலும்.

நாம் எல்லோரும் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பாட்டரிக்குப் போக வேண்டியதில்லை. இல்லாதவனுக்குச் சிக்கனத்தை உபதேசிப்பது கொடுமை. இருப்பவன் விடுமுறைக்கு மட்டும் சிக்கனமாக இருப்பது பொழுதுபோக்கு. எடுப்பதற்குத் தடையில்லாத நேரத்தில், யாரும் பார்க்காத அறையில், அடுத்தவரை நினைத்துக்கொண்டு கையை நிறுத்துவதுதான் அறம் என்று எனக்குத் தோன்றுகிறது. புயல் அடித்த இரண்டு நாட்களில் அதை நம்மால் செய்ய முடிந்தது. ஆகவே நம்மால் முடியாது என்று இனிச் சொல்வதற்கில்லை.